கொக்கியில் நான் கழுவிய துரு

நம் போட்டோகிராபி வாட்ஸ்அப் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு பெண் போன வாரம் கேட்டாள்: "மேடம், மேக்ரோ எடுக்கறதுக்கு முன்னாடி பொருளை எதால க்ளீன் பண்ணணும்?" நான் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டுவதற்குள் உங்களில் எட்டுப் பேர் பதில் சொல்லிவிட்டீர்கள். ஒருவர் மூக்குக் கண்ணாடி துடைக்கும் துணி என்றார், ஒருவர் குழந்தைகளின் பல் பிரஷ் என்றார், இன்னொருவர் எந்தக் கடையில் எந்தத் திரவம் கிடைக்கும் என்று படமே போட்டுவிட்டார். எல்லாம் சரியான பதில்கள்தான். ஆனாலும் எனக்குச் சுள்ளென்று எரிச்சல் வந்தது. எரிச்சல் உங்கள் மேல் இல்லை, என் மேல். அதைக் குழுவில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என்னைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இருபத்தாறு வருடம் சென்னை அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் படம் எடுத்துப் பிழைத்தவள் நான். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதற்கும் போனதில்லை. நட்டு, போல்ட், வாஷர், பேரிங், இவைதான் என் மாப்பிள்ளையும் பெண்ணும். மணப்பெண்ணிடம் கொஞ்சம் சிரிம்மா என்று சொல்லலாம். வாஷரிடம் என்ன சொல்வது? அதைச் சிரிக்க வைக்க வெளிச்சத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே என் ஸ்டூடியோ. ஸ்டூடியோ என்பது மரியாதைக்கு, உண்மையில் ஒரே அறை. பின்பக்கம் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப். அங்கே ஒவ்வொரு அடி விழும்போதும் என் மேஜை அதிரும். சாதாரணப் படத்துக்கு அது ஒன்றுமில்லை. மேக்ரோவில் கொத்துமல்லி விதை அளவுள்ள பொருள் திரை முழுக்க நிற்கும்போது, மயிரிழை அதிர்ந்தாலும் படம் நாசம். அதனால் அவர்கள் சாப்பாட்டு நேரம்தான் என் வேலை நேரம். பன்னிரண்டரைக்கு மெஷின் நின்றதும் நான் ஆரம்பிப்பேன். கிட்டத்தில் போனால் ஒரே படத்தில் எல்லாம் தெளிவாக விழாது என்று உங்களுக்கே தெரியும். ஃபோகஸை இம்மி இம்மியாக நகர்த்தி ஐம்பது அறுபது படம் எடுத்து, கம்ப்யூட்டரில் அடுக்கி ஒன்றாக்க வேண்டும். அந்த அரை மணிக்குள் முடிந்தால் முடிந்தது, இல்லையென்றால் நாளைக்குத்தான். நான் பல வருடம் மத்தியானச் சோறு மூன்று மணிக்குச் சாப்பிட்டதற்குக் காரணம் இதுதான்.

சுத்தம் என்றால் எனக்குப் பைத்தியம். தொழிற்சாலையிலிருந்து வரும் எந்தப் பொருளும் எண்ணெயும் மண்ணுமாகத்தான் வரும். அதைக் குளிப்பாட்டிச் சிங்காரித்த பிறகுதான் கேமராவைத் தொடுவேன். அழுக்கோடு ஒரு படம்கூட எடுக்க மாட்டேன் என்பதில் எனக்கு அவ்வளவு திமிர். ஒருமுறை ரப்பர் வளையம் ஒன்றைத் தின்னரில் ஊறப்போட்டேன்; அது உப்பிப் பெருத்துவிட, கொண்டு வந்தவர் "இது எங்க மால் இல்லீங்களே" என்று முழித்தார். அப்போதும் எனக்குப் புத்தி வரவில்லை. எஸ்டேட்டில் எனக்கு 'தொடைக்கிற மேடம்' என்று பெயர். காதில் விழாத மாதிரி நடந்துகொண்டாலும் உள்ளுக்குள் பெருமையாகவே இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு தொழிற்சாலை முதலாளியிடமிருந்து போன் வந்தது. தகடுகளை அச்சில் வைத்து அடித்து உதிரி பாகம் செய்யும் இடம். பல வருடமாக அவர்களுக்குக் கேட்டலாக் படங்கள் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முதலாளி கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், கோபப்பட்டாலும் 'ங்க' போட்டுத்தான் கோபப்படுவார். "ஒடஞ்ச கொக்கி ஒண்ணு அனுப்பறேனுங்க மேடம். ஒடஞ்ச எடத்தை மட்டும் நல்லாப் பெருசாத் தெளிவா எடுத்துக் கொடுங்க. வெளியூர்ல ஒரு இஞ்சினியருக்கு அனுப்போணும்" என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுதவேண்டிய அவசியமே வந்திருக்காது.

கனமான சாமானைச் சங்கிலியில் மாட்டித் தூக்குகிற கொக்கி அது. கழுத்தில் இரண்டாக முறிந்திருந்தது. எனக்கு வந்தது மேல்பாதி. முறிந்த முகம் பத்து ரூபாய் நாணயம் அளவு இருக்கும். பெரும்பகுதி கல்லுப்பு மாதிரி மினுமினுத்தது. ஓர் ஓரத்தில் மட்டும் பிறை வடிவத்தில் கறுத்த பழுப்பு. நான் அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பார்த்து, அழுக்கு என்று முடிவு கட்டினேன்.

துரு எடுக்கும் திரவத்தை விட்டு, பிரஷ் போட்டு, சுடு காற்றில் உலர்த்தினேன். வெள்ளைத் துணிக் கூடாரத்துக்குள் வைத்து நாலு பக்கமும் மென்மையாக வெளிச்சம் கொடுத்தேன். சாப்பாட்டு நேரத்தில் அறுபது படம் எடுத்து அடுக்கினேன். ஓரத்தில் பிரஷ் எட்டாத இடத்தில் இரண்டு மூன்று பழுப்புப் புள்ளி மிச்சம் இருந்ததைக் கம்ப்யூட்டரில் அழித்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, படம் அபாரமாக வந்தது. ஒவ்வொரு மணியும் எண்ணி எடுக்கும்படி மின்னியது. அதை என் கம்ப்யூட்டர் திரையில் முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டேன். முதலாளியும் பாராட்டினார், கொக்கியைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை ஒருவர் மாடிப்படி ஏறி வந்து செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். வெளுத்த நீலச் சட்டை. பெயர் தயாளன், அந்தத் தொழிற்சாலையில் பாரம் தூக்கும் கிரேனை ஓட்டுகிறவர், வீடு கள்ளிக்குப்பம் என்றார். நான் உள்ளே வரச் சொல்லவில்லை, தூசி விழும் என்று.

"மேடம், நீங்க எடுத்த போட்டோவ ஆபீஸ்ல காட்டினாங்க. அந்தக் கொக்கில ஓரமா கறுப்பா ஒண்ணு இருந்துச்சே. போட்டோல காணோமே."

எனக்குச் சுருக்கென்றது. "நான் எதையோ மறைச்சுட்டேன்னு சொல்றீங்களா?"

"அப்டி சொல்லல மேடம். ஒடஞ்சு வுழுந்தப்போ நான் கண்ணால பாத்தேன். போட்டோல இல்ல. அத கேக்கலாம்னுதான் வந்துகினேன்."

"அழுக்கு அது. தொடைச்சேன்."

அவர் மெதுவாகச் சொன்னார்: "அழுக்கு இல்ல மேடம், துரு. அன்னிக்கு ஒடஞ்சது அன்னிக்கே துரு புடிக்குமா?"

அவர் வாசலில் நின்றபடியே நடந்ததைச் சொன்னார். அந்த வாரத் திங்கட்கிழமை அச்சு ஒன்றைத் தூக்கும்போது கொக்கி முறிந்து, அச்சு கீழே விழுந்து, தரை பிளந்திருக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லாததால் யாருக்கும் அடி இல்லை, பார்த்தவரும் இல்லை. அந்த மூலையைப் பார்க்கும் கேமரா கிடையாது, உள்ளே போன் கொண்டுபோகவும் கூடாது. கொக்கியின் கீழ்ப்பாதி அச்சுக்கு அடியில் நசுங்கி முகமே இல்லாமல் போயிற்று. ஆக இருக்கிற ஒரே சாட்சி என் படம். இஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: முகம் முழுக்கப் புதிய முறிவு, பழைய விரிசலுக்கு அடையாளமே இல்லை, தாங்க முடியாத பாரத்தால் ஒரே இழுப்பில் உடைந்தது. அப்படியென்றால் தயாளன் நேரத்தை மிச்சம் பிடிக்க இரண்டு அச்சை ஒன்றாகத் தூக்கியிருக்க வேண்டும். அவரை வேலையிலிருந்து நிறுத்தி வைத்துவிட்டார்கள், வருகிற திங்கட்கிழமை விசாரணை.

"ஒண்ணுதான் மேடம் தூக்கினேன். அந்தக் கொக்கி ரெண்டு வாரமா சவுண்டு உட்டுகினு கீது, மாத்துங்கன்னு சொல்லிகினே இருந்தேன். யாரும் காதுல போட்டுக்கல. வேல போனா போவுது. ரெண்டு அச்ச தூக்கினவன்னு பேரு வந்துச்சுன்னா இந்த எஸ்டேட்ல எவனும் என்ன கேட்டுக்குள்ள உடமாட்டான்."

அந்த நிமிடம் என் மனதில் முதலில் ஓடியது தயாளன் இல்லை. நான் துடைத்தது யாருக்கும் தெரியாது, இவருக்கு மட்டும்தான் தெரியும், இவர் சொன்னால் யார் நம்புவார்கள் என்பதுதான் முதலில் ஓடியது. உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஓடும், அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன். இரண்டாவதாகத்தான், உள்ளே வாங்க என்று சொன்னேன்.

அலமாரியிலிருந்து கொக்கியை எடுத்து மேஜையில் வைத்தேன். துரு சுத்தமாகப் போயிருந்தது, என் வேலையில் குறை சொல்ல முடியாது. அடுக்குவதற்கு முன்னால் எடுத்த அறுபது படங்களைத் திறந்து பார்த்தேன். நான் அழித்த பழுப்புப் புள்ளிகள் அவற்றில் இருந்தன, ஆனால் அதை வைத்து எதையும் சாதிக்க முடியாது. வட்ட விளக்கு போட்டுப் பார்த்தேன், பின்னாலிருந்து வெளிச்சம் கொடுத்தேன், விளக்கில் நீலக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன், மினுமினுப்பைக் குறைக்கும் ஃபில்டரைத் திருகித் திருகிப் பார்த்தேன். எதிலும் முகம் முழுக்க ஒரே மாதிரி மின்னியது. தயாளன் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, கையடக்க டார்ச் ஒன்றை மேஜையோடு மேஜையாகப் படுக்க வைத்தேன். வெளிச்சம் கொக்கியின் முகத்தை உரசிக்கொண்டு பக்கவாட்டில் போனது. மணி மணியாக இருந்த பகுதி முழுக்கக் குட்டி குட்டி நிழல் விழுந்தது. ஓரத்தில் பிறை அளவு இடத்தில் மட்டும் நிழலே இல்லை, வழவழவென்று கிடந்தது. இரண்டுக்கும் நடுவே தெளிவான ஒரு கோடு.

"அதான் மேடம்," என்றார் தயாளன். "விரிசல் வுட்ட எடம். ஒவ்வொரு தபா தூக்கும்போதும் ரெண்டு பக்கமும் ஒண்ணோட ஒண்ணு தேஞ்சுகினே இருந்திருக்கும். அதான் வழுவழுன்னு கீது."

நான் கழுவியது நிறத்தை மட்டும்தான். வடிவத்தைக் கழுவ முடியவில்லை. அதைக் கூடாரத்துக்குள் நாலு பக்கமும் வெளிச்சம் போட்டு மறைத்ததும் நான்தான். நிழல் விழாமல் பார்த்துக்கொள்வது கேட்டலாக்குக்கு அழகு, அந்த அழகுதான் இங்கே இவர் கழுத்தில் கயிறு மாட்டியது. பின்பக்கத்து மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் இருவரும் பன்னிரண்டரை வரை காத்திருந்தோம். அது நின்றதும் அறுபது படம் மறுபடி எடுத்தேன். இந்தத் தடவை எதையும் அழிக்கவில்லை.

திங்கட்கிழமை நான் போய் நின்றதும் முதலாளிக்கு ஆச்சரியம். இஞ்சினியரும் நேரில் வந்திருந்தார், ஒல்லியான மனிதர், அதிகம் பேசாதவர். தயாளன் சுவர் ஓரமாக நின்றார். புதிய படத்தை மேஜையில் வைத்து, முதல் படம் தவறு என்றேன்.

முதலாளி இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "என்னங்க மேடம் இது. அன்னைக்கு ஒரு படம், இன்னைக்கு ஒரு படம். லைட்டை மாத்திப் போட்டா கொக்கியே மாறிப் போகுமுங்களா? எதையுங்க நான் நம்பறது?"

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நானே அவர் இடத்தில் இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பேன். வெளிச்சத்தால் இல்லாததைக் காட்டவும் இருப்பதை மறைக்கவும் முடியும் என்று ஊருக்கெல்லாம் காட்டியே சம்பாதித்தவள் நான். என் வாயால் என்ன சொன்னாலும் எடுபடாது என்று புரிந்தது.

"ரெண்டு படத்தையும் நம்பாதீங்க. நீங்களே பாருங்க" என்று சொல்லி, கொக்கியைப் பையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தேன். அறை விளக்கை அணைக்கச் சொன்னேன். டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் அவர் கையிலேயே கொடுத்தேன். மேலேயிருந்து அடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. கையைக் கீழே இறக்கிப் பக்கவாட்டில் கொண்டுபோங்கள் என்றேன். கொண்டுபோனார். பிறகு ரொம்ப நேரம் குனிந்தே இருந்தார்.

இஞ்சினியர் வாங்கிப் பார்த்தார். நிமிர்ந்து என்னிடம் கேட்டார்: "பழைய விரிசல் மாதிரிதான் தெரியுது. ஆனா அப்படின்னா இங்க துரு இருக்கணுமே. ஏன் இல்ல?"

அவர் எழுதிய அறிக்கையே அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நின்றது. முதலாளி என்னைப் பார்த்தார், தயாளன் தரையைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை.

"இருந்துச்சு சார். அழுக்குன்னு நெனச்சு நான்தான் கழுவிட்டேன். மிச்சம் இருந்த புள்ளிய கம்ப்யூட்டர்ல அழிச்சேன். அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்த படம் இந்தப் பென்டிரைவ்ல இருக்கு."

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?"

"தரேன்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டு, கீழே பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். இஞ்சினியர் அதைப் படித்துவிட்டு, தன் பழைய அறிக்கையின் குறுக்கே ஒரு கோடு போட்டார். தயாளன் அன்று மதியமே வேலைக்குத் திரும்பினார்.

எனக்கு என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நல்லது செய்தால் மாலை போடுவார்கள் என்று நினைத்துக்கொள்வீர்கள். கொக்கியை மாற்றச் சொல்லியும் மாற்றாத பழி தொழிற்சாலை நிர்வாகத்தின் தலையில் விழுந்தது, அந்த முதலாளி ஒன்றரை வருடம் எனக்குக் கேட்டலாக் வேலை தரவில்லை. அவர் பேச்சைக் கேட்டு இன்னும் இரண்டு இடம் போயிற்று. 'தொடைக்கிற மேடம்' என்ற பெயரை அதன் பிறகு யாரும் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. அது வலித்தது, இப்போதும் வலிக்கிறது.

கேள்வி கேட்ட பெண்ணே, உனக்கு என் பதில் இதுதான். வந்தது வந்தபடி, எண்ணெய், மண், துரு எல்லாவற்றோடும் முதலில் ஒரு படம் எடு. அதைப் பத்திரமாக வை. பிறகு, இது எதற்கு என்று கேள். அனுப்பிய முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது, அந்தப் பொருளைத் தினமும் கையால் தொடுகிறவரைத் தேடிப் பிடித்துக் கேள். தூசி விழுந்தால் விழட்டும், அவரை உள்ளே உட்கார வை. அதற்கப்புறம் எந்த பிரஷ் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்.

அன்று விசாரணை முடிந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். இஞ்சினியர் நிறுத்தினார். ஒரே நேரத்தில் வாங்கிய கொக்கிகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்று கேட்டார். எட்டு என்றார்கள். எல்லாவற்றையும் உடனே இறக்கச் சொன்னார், என்னையும் இருக்கச் சொன்னார்.

மெஷின்களை எல்லாம் நிறுத்திவிட்டார்கள். நான் ஷாப்புக்குள் தரையில் ஒரு அட்டையைப் போட்டு உட்கார்ந்தேன். தயாளன் ஒவ்வொரு கொக்கியாகக் கழற்றிக் கொண்டுவந்து எண்ணெய்க் கறையோடு அப்படியே என் முன் வைத்தார். டார்ச்சைப் படுக்க வைத்து, லென்ஸ் வழியாகக் கழுத்துப் பக்கம் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நாலு வரை ஒன்றுமில்லை. ஐந்தாவதில் ஒரு கோடு தெரிந்தது, தலைமுடி தடிமன்கூட இருக்காது. கீறலாக இருக்கலாம் என்றுதான் நினைத்தேன். இஞ்சினியர் விரிசலுக்குள் ஊறும் சிவப்புச் சாயத்தைத் தடவித் துடைத்து, மேலே வெள்ளைப் பொடியை அடித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோட்டிலிருந்து சிவப்பு கசிந்து பாதிக் கழுத்தைச் சுற்றி வந்தது.

முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். இது எந்த இடத்துக் கொக்கி என்று நான் கேட்டேன்.

தயாளன் தலையைத் தூக்கிக் கூரையைக் காட்டினார். வழக்கமாக அச்சு தொங்கும் சங்கிலி காலியாகத் தொங்கியது. அதற்கு நேர் கீழே ஒரு மின்விசிறியும், நீளமான பெஞ்சும், வரிசையாக ஏழெட்டு டிபன் கேரியரும் இருந்தன.

"அங்கதான் மேடம் காத்து வரும்," என்றார். "மத்தியானம் அல்லாரும் அதுக்குக் கீழதான் குந்திகினு துன்னுவோம்."